எட்டாவது இடம்

ஆகஸ்டு மூன்றாம் வாரம்.
எமிர் வந்துவிட்டார்,
காதிடுக்கில் பென்சிலோடு.
எட்டு அணிகள், எட்டு வரிகள்,
வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும்.
பத்தொன்பது வருடமாகக் கணிக்கிறார்.
ஒரே ஒரு முறை பலித்தது;
அந்த வருடம் பனி கொட்டி
பாதியிலேயே ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள்.

"உன் இயந்திரம் என்ன சொல்கிறது?" என்பார்.
பதினைந்து பேர் சேற்றையும்
நான்தான் வெளுக்கிறேன், கிளப்பின் பின்கட்டில்.
சொல்வேன்:
மூன்றாம் எண்ணின் கழுத்துப்பட்டியை
இரண்டு அங்குலம் பிரித்துத் தைத்தேன்,
ஆக, ஸ்க்ரம் இந்தத் தடவை பின்னால் போகாது.
ஐந்தாம் எண்ணுக்குக் கல்யாணம்.
அக்டோபர் வரை நன்றாகத் தாவுவான்,
அப்புறம் சொல்வதற்கில்லை.
பதினான்காம் எண்ணின் கால்சட்டையில்
தைல வாசனை,
இடது பக்கம் மட்டும்.
எமிர் எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு
தன் பெயரில் போட்டுக்கொள்வார்.
போகட்டும்.

அபெர்கெல்லி முதலிடம், அதில் பேச்சே இல்லை.
அவர்களிடம் பணம் இருக்கிறது.
டோங்காவிலிருந்து வந்த ஒருவன் இருக்கிறான்,
கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவானாம்.
டிரெகாரெக் இரண்டு.
நடுவில் கிடப்பவர்களை
எமிர் காசு சுண்டிப் போடுவார்,
என் கண்ணெதிரிலேயே.

கடைசி வரிக்கு வந்ததும்
பென்சில் தானாக நின்றது.
எங்கள் அணி.
"ஒன்பதும் பத்தும்?" என்றார்.

ஒன்பது கெதின். பத்து டெய்லோ.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
அப்பன் விட்டுப்போன மீன் வண்டி யாருக்கு என்பதில்
ஜூன் தொடக்கத்தில் பேச்சு முறிந்தது.
வண்டி இப்போது யாருக்கும் இல்லாமல்
தேவாலயச் சுவரோரம் நிற்கிறது,
கூரையில் கடற்காகங்கள் மட்டும்
இன்னும் நம்பிக்கை விடாமல்.

ரக்பியில் அநேகமாக எந்தப் பந்தும்
ஒன்பதின் கையிலிருந்து
பத்தின் கைக்குத்தான் போயாக வேண்டும்.
ஒரு ஆட்டத்துக்கு நாற்பது முறை
அண்ணன் தம்பியைப் பார்க்க வேண்டும்,
அல்லது பாராமல் எறிய வேண்டும்.
ஜூலை முழுக்கப் பாராமலே எறிந்தான்.
பந்து கணுக்காலில் விழுந்தது,
காதில் பட்டது,
வேலி தாண்டி ஆட்டுமந்தைக்குள் உருண்டது.
அழுக்கைக் கொண்டுவந்து போடும்போதும்
கூடைகள் ஆளுக்கொரு மூலையில்.

எமிர் எட்டு என்று போட்டார்.
அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.
அவர் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கும் நேரம், மழை.
கொடியிலிருந்து காலுறைகளை
அள்ளிக்கொண்டிருந்தேன்.
வேலிக்கு அப்பால் பயிற்சி,
ஆள் முகம் தெரியாத மூட்டம்.
ஒரு குரல்: "இடது!"
டெய்லோவின் குரல்.
பதினோரு வாரத்தில்
அண்ணனிடம் அவன் பேசிய முதல் சொல்.
அதன்பின் பந்து உள்ளங்கையில் விழும் சத்தம்,
ஈரத்துணியை ஒரு தரம் உதறினாற்போல.

போருக்கு முன்னே ஊரெல்லையில் நின்று
யாரோ யாரிடமோ சொல்லும் சொல்லை
விரிச்சி என்று கொள்வதுண்டாம்.
நெல்லும் பூவும் ஏந்தி நிற்பார்களாம்.
நான் முப்பது காலுறைகளோடு நின்றேன்.
எனக்கு விழுந்தது "இடது".
அது நல்ல சொல்லா என்றால்,
தெரியாது.
சொல் என்பது மட்டும் நிச்சயம்.

எமிர் தலை மறைந்ததும்
கசாப்புக்கடை மேபானிடம் போய்
ஐந்து பவுண்டு கட்டினேன்,
எட்டு இல்லை, ஏழு என்று.
ஆறு கேட்க எனக்கே துணிவில்லை.
மேபான் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார்,
ஓரத்தில் ஆட்டு ரத்தம்.

சனிக்கிழமை அபெர்கெல்லியோடு முதல் ஆட்டம்.
அதில் தோற்போம்.
இது கணிப்பு இல்லை.
சீட்டை மடித்துக்கொண்டிருந்தபோது
அந்த டோங்காக்காரன் கடைக்கு வந்தான்.
பக்கவாட்டில்தான் நுழைந்தான்.